ஆக்டிவ் டைரக்டரியில் பயனர்களையும் குழுக்களையும் நிரல் வழியே கையாள எந்த லைப்ரரி?

புதிதாகச் சேர்ந்தவருக்குக் கணக்குத் திறக்க வேண்டும், துறை மாறியவரை வேறு குழுவுக்கு மாற்ற வேண்டும், வேலையை விட்டவரின் கணக்கை அன்றைக்கே முடக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் ஆக்டிவ் டைரக்டரி (அலுவலகத்தின் பயனர், குழுக் கணக்குகளை ஒரே இடத்தில் வைத்திருக்கும் அமைப்பு) உள்ள எந்த அலுவலகத்திலும் இந்த மூன்றும் ஓய்வதில்லை. கையால் செய்துவந்ததை ஹெச்.ஆர். மென்பொருளோடு இணைத்துத் தானாக ஓடவிடலாம் என்று முடிவானதும், எந்த லைப்ரரியைப் பிடிப்பது என்ற கேள்வி வந்து நிற்கும்.

பெரும்பாலும் போட்டி ஐந்துக்குள்தான். பவர்ஷெல்லின் ஆக்டிவ் டைரக்டரி மாட்யூல் ஒன்று. டாட்நெட்டில் அக்கவுண்ட் மேனேஜ்மென்ட், டைரக்டரி சர்வீசஸ் புரோட்டோகால்ஸ் என்று இரண்டு. பைத்தானில் பைத்தான்-எல்டாப், எல்டாப்3 என்று இரண்டு. நோட் ஜேஎஸ்ஸில் பலரும் பயன்படுத்திய எல்டாப்ஜேஎஸ் 2024 மே மாதத்தில் மூடப்பட்டுவிட்டது. புதிய வேலை எதையும் அதில் தொடங்க வேண்டாம்.

பலர் தமக்குத் தெரிந்த மொழியை வைத்தே தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு. நிரல் ஓடப்போவது விண்டோஸிலா லினக்ஸிலா? ஒரு வேலை நடக்காமல் போனால் இந்த லைப்ரரி சத்தம் போடுமா, சொல்லாமல் விழுங்கிவிடுமா? இரண்டாவது கேள்வியைக் கேட்பவர் குறைவு. ஆறு மாதம் கழித்து ஆடிட்டில் மாட்டுவது அதனால்தான்.

எதை எடுத்தாலும் உடன் வரும் விதிகள்

லைப்ரரி எதுவானாலும் மறுமுனையில் இருப்பது அதே டொமைன் கன்ட்ரோலர், அதாவது ஆக்டிவ் டைரக்டரியை ஓட்டும் சர்வர். அதன் விதிகளைத் தெரிந்துகொண்டால்தான் எந்த லைப்ரரி எதைத் தானே பார்த்துக்கொள்கிறது, எதை நம் தலையில் விடுகிறது என்று ஒப்பிட முடியும்.

முதலில் கடவுச்சொல். எல்டாப் (டைரக்டரியோடு பேசும் நெறிமுறை) வழியே அதை எழுதும் இடம் ‘யூனிகோட்-பாஸ்வேர்ட்’ ஆட்ரிபியூட், அதாவது பதிவில் உள்ள ஒரு புலம். எழுத மட்டுமே முடியும், படிக்க முடியாது. கடவுச்சொல்லை இரட்டை மேற்கோள் குறிக்குள் வைத்து, அந்தக் குறிகளையும் சேர்த்து யுடிஎஃப்-16 லிட்டில் எண்டியனாக மாற்றி அனுப்ப வேண்டும். இணைப்பும் என்கிரிப்ட் ஆகியிருக்க வேண்டும்: 636 போர்ட்டில் டிஎல்எஸ், அல்லது 389-இல் ஸ்டார்ட்-டிஎல்எஸ், அல்லது கெர்பரோஸ் (டிக்கெட் முறையிலான நுழைவு) வழியே என்கிரிப்ட் செய்யும் சீலிங். இதில் எது தவறினாலும் திரும்பி வருவது 53 என்ற ஒரே பிழை எண்தான்: ‘செய்ய விருப்பமில்லை’. காரணத்தை அதோடு வரும் ஹெக்ஸ் எண்ணில் தேட வேண்டும். 52டி என்றிருந்தால் கடவுச்சொல் விதிக்கு ஒத்துவரவில்லை. 1எஃப் என்றிருந்தால் முதலில் என்கிரிப்ஷனைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்து ‘யூசர் அக்கவுண்ட் கன்ட்ரோல்’, கணக்கின் நிலையைச் சொல்லும் எண். 512 என்றால் சாதாரணக் கணக்கு. 2 என்ற பிட் சேர்ந்து 514 ஆனால் முடக்கப்பட்டது. இந்த மதிப்பைத் தராமல் எல்டாப் வழியே கணக்கைத் திறந்தால் ஆக்டிவ் டைரக்டரி தானாகப் போடுவது 546. அதாவது 512, 2, இவற்றோடு 32. அந்த 32-க்குக் கடவுச்சொல்லே தேவையில்லை என்று பொருள். ‘முடக்கத்தை மட்டும் நீக்குவோம்’ என்று 2-ஐக் கழித்து 544 ஆக்கிவிட்டுப் போகும் ஸ்கிரிப்ட்கள் நிறைய உண்டு. கணக்கு வேலை செய்யும், யாரும் புகார் சொல்ல மாட்டார்கள், பாதுகாப்புத் தணிக்கையில் வரிசையாக வெளிவரும். கணக்கை 514-ஆகத் திறந்து, கடவுச்சொல்லை எழுதி, பிறகு நேரடியாக 512 என்று எழுதுவதே ஒழுங்கு. முதல் நுழைவிலேயே கடவுச்சொல்லை மாற்ற வைக்க, ‘பாஸ்வேர்ட் லாஸ்ட் செட்’ ஆட்ரிபியூட்டில் 0 போட வேண்டும்.

மூன்றாவது, அளவு வரம்புகள். ஒரு தேடலுக்கு இயல்பாக 1000 பதிவுகள்தான் திரும்பும்; மேலே வேண்டுமானால் பேஜிங் கன்ட்ரோல் (பக்கம் பக்கமாகக் கேட்டு வாங்கும் வசதி) வேண்டும். இது பலருக்கும் தெரியும். தெரியாதது, ஒரே பதிவுக்குள் இருக்கும் பல மதிப்பு ஆட்ரிபியூட்டுக்கும் 1500 என்ற வரம்பு உண்டு என்பது. 1500 பேருக்கு மேல் உள்ள குழுவில் ‘மெம்பர்’ கேட்டால், ‘மெம்பர்’ என்ற பெயரில் ஒன்றும் வராது. ‘மெம்பர்; ரேஞ்ச்=0-1499’ என்ற வேறு பெயரில் முதல் 1500 பேர் வருவார்கள். அந்தப் பெயரை எதிர்பார்க்காத நிரல், பெரிய குழுவைப் பார்த்து ‘ஆளே இல்லை’ என்று முடிவுகட்டும். பின்னாலேயே ‘ஆளில்லாத குழுக்களை அழி’ என்று ஒரு வரி இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது, முதன்மைக் குழு. எல்லாரும் இருக்கும் ‘டொமைன் யூசர்ஸ்’ குழுவின் உறுப்பினர் பட்டியலிலோ பயனரின் ‘மெம்பர் ஆஃப்’ பட்டியலிலோ அந்த உறவு தெரியாது. அது பயனரின் ‘பிரைமரி குரூப் ஐடி’யில் 513 என்ற எண்ணாக மட்டும் இருக்கும்.

பவர்ஷெல் மாட்யூல்

விண்டோஸ் நிர்வாகிகளே எழுதி அவர்களே பராமரிக்கப்போகிறார்கள் என்றால் இதற்கு மேல் யோசிக்க வேண்டாம். கடவுச்சொல்லின் என்கோடிங், பேஜிங், பிட் கணக்கு எல்லாவற்றையும் இதுவே பார்த்துக்கொள்ளும். கடவுச்சொல் தராமல் கணக்குத் திறந்தால் முடக்கிய நிலையிலேயே திறக்கும்.

இது எல்டாப் போர்ட்டில் பேசுவதில்லை. விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2-வில் வந்த ஆக்டிவ் டைரக்டரி வெப் சர்வீசஸ் வழியே 9389 போர்ட்டில் பேசுகிறது. 389-உம் 636-உம் திறந்திருந்தும் ‘சர்வர் கிடைக்கவில்லை’ என்று வந்தால் ஃபயர்வாலில் இந்த எண்ணைத் தேடுங்கள்.

அந்த வெப் சர்வீசுக்குத் தனி வரம்பும் உண்டு. குழு உறுப்பினர்களைத் தரும் கட்டளை 5000 பேரைத் தாண்டினால் பிழை தந்து நின்றுவிடும். குழுப் பதிவையே எடுத்து அதன் ‘மெம்பர்’ ஆட்ரிபியூட்டைப் படித்தால் இந்தச் சிக்கல் வராது. இன்னொன்று: பெயர் தந்து ஒரு பயனரைக் கேட்கும்போது அவர் இல்லையென்றால் வரும் பிழையை ‘எரர் ஆக்‌ஷன்’ விருப்பத்தால் அடக்க முடியாது, டிரை–கேட்ச் வேண்டும். ஃபில்ட்டர் போட்டுக் கேட்டால் பிழையே வராது, வெறும் ‘நல்’ (காலி மதிப்பு) வரும். ஒரே ஸ்கிரிப்டில் இரண்டையும் கலந்து எழுதினால் குழப்பம்தான்.

வெப் சேவைக்குள் வைத்து நொடிக்கு நொடி அழைக்கும் வேலைக்கு இது பொருந்தாது. இரவு ஒருமுறை சிஎஸ்வி கோப்பை வாசித்து ஓடும் வேலைக்கு அருமை.

டாட்நெட்: அக்கவுண்ட் மேனேஜ்மென்ட்

டாட்நெட் ஃபிரேம்வொர்க் 3.5-இல் வந்தது. பயனருக்கு ஒரு கிளாஸ், குழுவுக்கு ஒரு கிளாஸ், சேர், நீக்கு, சேமி. எல்டாப் என்ற சொல்லே தெரியாதவரும் அரை நாளில் வேலையை முடித்துவிடலாம். அடியில் இருப்பது விண்டோஸின் பழைய டைரக்டரி இடைமுகமான ஏடிஎஸ்ஐ. அதனால் விண்டோஸில் மட்டுமே ஓடும். டாக்கரில் லினக்ஸ் கன்டெய்னருக்குக் கொண்டுபோகும் திட்டம் இருந்தால் இதைத் தொடவே வேண்டாம்.

ஹெச்.ஆர். இணைப்புக்கு இதில் முதலில் உதைப்பது, பயனர் கிளாஸில் துறை, பதவி, மேலாளர் ஆகியவை இல்லாதது. பெயர், மின்னஞ்சல், தொலைபேசி, பணியாளர் எண் உண்டு. மற்றவற்றுக்கு அந்தக் கிளாஸை நீட்டி எழுத வேண்டும், அல்லது அடியிலிருக்கும் டைரக்டரி என்ட்ரியை வெளியே எடுக்க வேண்டும். பாதி இங்கே பாதி அங்கே என்று ஆனபின், மேலே போர்த்திய இந்த அடுக்கு எதற்கு என்று தோன்றும், நியாயமான சந்தேகம்தான்.

கடவுச்சொல் அமைக்கும்போது அடியில் ஏடிஎஸ்ஐ மூன்று வழிகளை ஒன்றன்பின் ஒன்றாக முயலும்: டிஎல்எஸ் மேல் எல்டாப், பிறகு கெர்பரோஸ், கடைசியாகப் பழைய நெட் ஏபிஐ. மூன்றும் தோற்றால் கடைசி வழியின் பிழையே நம் கண்ணில் படும். ‘ஆர்பிசி சர்வர் கிடைக்கவில்லை’ என்று வந்ததும் ஆர்பிசியைத் துருவிப் பயனில்லை. பெரும்பாலும் உண்மைக் காரணம் டொமைன் கன்ட்ரோலரின் டிஎல்எஸ் சான்றிதழில்தான் இருக்கும்.

ஒருவர் ஒரு குழுவில் இருக்கிறாரா என்று கேட்கும் மெத்தட், குழுவுக்குள் குழுவாக உள்ளே போய்ப் பார்க்காது. போய்ப் பார்க்கும் இன்னொரு மெத்தட் உண்டு. அதுவோ, பெயராக மாற்ற முடியாத ஒரே ஒரு எஸ்ஐடி (கணக்கின் உள் அடையாள எண்) குறுக்கே வந்தாலும் 1301 என்ற பிழையோடு மொத்தப் பட்டியலையும் கைவிட்டுவிடும். உறுப்பினர் பட்டியலை ரேஞ்ச் பார்த்து முழுமையாகத் தருவது இதன் நல்ல பக்கம். ஒவ்வோர் உறுப்பினரையும் தனிப் பொருளாக்கித் தருவதால் பெரிய குழுக்களில் ஊர்ந்துதான் போகும். எடுத்த பொருள்களை டிஸ்போஸ் செய்யாமல் விட்டால் நாள்கணக்கில் ஓடும் சர்வீஸில் நினைவகம் ஏறிக்கொண்டே இருக்கும்.

டாட்நெட்: புரோட்டோகால்ஸ்

டாட்நெட் 5 முதல் லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும். எல்டாப் கோரிக்கைகளை நாமே கட்டி அனுப்ப வேண்டும். பேஜிங், ரேஞ்ச், கடவுச்சொல் என்கோடிங் எல்லாம் நம் பொறுப்பு. பதிலுக்கு, பிழை வந்தால் எக்ஸெப்ஷனாக முகத்தில் அடிக்கும், எண்ணும் தெளிவாகக் கிடைக்கும்.

லினக்ஸில் இது அடியில் ஓப்பன்எல்டாப்பின் லிப்எல்டாப்பை அழைக்கிறது. பழைய டாட்நெட் பதிப்புகள் அதன் 2.4 பதிப்பின் பெயரையே தேடும். புதிய டிஸ்ட்ரோவில் அந்தப் பெயரில் கோப்பு இல்லாமல், தொடங்கும்போதே நின்றுவிடும். விண்டோஸில் சான்றிதழைச் சரிபார்க்க எழுதிய கால்பேக் லினக்ஸில் செல்லாது. நிறுவனத்தின் சிஏ (சான்றிதழ் வழங்கும் அமைப்பு) சான்றிதழை ஓப்பன்எல்டாப் அமைப்புக் கோப்பில் காட்டியாக வேண்டும். டாட்நெட் அணி, லினக்ஸ் சர்வர் என்றால் இதுதான் வழி; முதல் வாரம் கொஞ்சம் கசக்கும்.

பைத்தான்: இரண்டுக்கும் இடையில்

பைத்தான்-எல்டாப், லிப்எல்டாப் மேல் எழுதிய சி எக்ஸ்டென்ஷன். நிறுவ சி கம்பைலர், பைத்தான் ஹெட்டர்கள், எல்டாப், சாஸல் ஆகியவற்றின் டெவலப்மென்ட் பேக்கேஜ்கள் வேண்டும். டெபியன், உபுண்டுவில் ஏற்கெனவே கட்டிய பேக்கேஜ் உண்டு. விண்டோஸில் இதை நிறுவப் பார்ப்பது வீண் வேலை. எல்டாப்3 முழுக்கப் பைத்தான். பிப் ஒரு வரி, எங்கும் ஓடும்.

நிறுவும் சுலபத்தை மட்டும் பார்த்து எல்டாப்3-ஐ எடுப்பவர்கள்தான் அதிகம். எடுக்கலாம். ஆனால் இரண்டு இயல்பு அமைப்புகளை உடனே மாற்ற வேண்டும். ஒன்று, பிழை வந்தால் அது எக்ஸெப்ஷன் எழுப்பாது. மெத்தட் ‘ஃபால்ஸ்’ என்று திரும்பும், காரணம் ‘ரிசல்ட்’ என்ற டிக்‌ஷனரியில் கிடக்கும். திரும்பி வந்ததைப் பார்க்காமல் அடுத்த வரிக்குப் போகும் நிரல், கடவுச்சொல் எழுதப்படாத கணக்கைத் திறந்துவிட்டு ‘முடிந்தது’ என்று அச்சடிக்கும். இணைப்பைத் திறக்கும்போதே எக்ஸெப்ஷன் எழுப்பும் விருப்பத்தை ‘ட்ரூ’ ஆக்கிவிடுங்கள். இரண்டாவது, டிஎல்எஸ் சான்றிதழை அது இயல்பாகச் சரிபார்ப்பதே இல்லை. 636-இல் இணைந்துவிட்டதால் பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டிருப்போம். நடுவில் யார் உட்கார்ந்தாலும் தெரியாது. டிஎல்எஸ் பொருளை உருவாக்கிச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கி, சிஏ கோப்பையும் தர வேண்டும்.

இவற்றைச் சரிசெய்துவிட்டால் வசதிகள் ஏராளம். மைக்ரோசாஃப்ட்டுக்கென்றே உள்ள பகுதியில் கடவுச்சொல் மாற்ற, பூட்டிய கணக்கைத் திறக்க, குழுவில் சேர்க்க, நீக்கத் தனி மெத்தட்கள் உண்டு. மேற்கோள் குறியும் யுடிஎஃப்-16-உம் நம் தலைவலி இல்லை. 1500 ரேஞ்சை இயல்பாகவே தொடர்ந்து கேட்டு வாங்கிவிடும். பேஜிங் தேடலை ஜெனரேட்டராகத் தரும். உண்மையான சர்வர் இல்லாமலே சோதிக்க மாக் இணைப்பும் உண்டு.

தயங்க வைப்பது அதன் பராமரிப்பு. நிலையான பதிப்பு 2021-இல் வந்த 2.9.1-இலேயே நிற்கிறது. அந்தப் பதிப்பில் என்டிஎல்எம் (விண்டோஸின் பழைய நுழைவு முறை) இணைப்புக்குச் சைனிங்கும் (செய்தி வழியில் மாறாமல் காக்கும் கையொப்பம்) சேனல் பைண்டிங்கும் (நுழைவை அந்த டிஎல்எஸ் இணைப்போடு கட்டிவைப்பது) இல்லை. விண்டோஸ் சர்வர் 2025-இல் புதிதாக அமைக்கும் டொமைன்கள் எல்டாப் சைனிங்கை இயல்பாகவே கட்டாயமாக்குகின்றன. பழைய பாணியில் 389-இல் என்டிஎல்எம் வைத்து நுழையும் ஸ்கிரிப்ட் அங்கே நிற்காது. ஓப்பன்எஸ்எஸ்எல் 3 உள்ள உபுண்டு 22.04 போன்றவற்றில் எம்டி4 (என்டிஎல்எம் சார்ந்திருக்கும் பழைய ஹாஷ்) முடக்கப்பட்டிருப்பதால் என்டிஎல்எம் வேறொரு பக்கமும் உடையும். டிஎல்எஸ் மேல் சிம்பிள் பைண்ட் (பெயரும் கடவுச்சொல்லும் தந்து நுழைவது) என்று வைத்துக்கொண்டால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

பைத்தான்-எல்டாப்பில் பிழை ஒவ்வொன்றும் எக்ஸெப்ஷன்தான். வேகமும் அதிகம்; பல்லாயிரம் பதிவுகளைப் படிக்கும்போது வித்தியாசம் தெரியும். கெர்பரோஸ் டிக்கெட்டோடு நுழைவது இதில் இயல்பாக அமையும். ஆனால் மூன்று இடங்களில் தடுக்கும். ஆக்டிவ் டைரக்டரியில் டொமைனின் வேரிலிருந்து தேடினால் ரெஃபரல்கள் (‘வேறு இடத்தில் கேள்’ என்ற குறிப்புகள்) வரும். அவற்றைத் துரத்தும் விருப்பத்தை 0 ஆக்காவிட்டால் தேடல் தொங்கும், அல்லது 1 என்ற ‘ஆபரேஷன்ஸ் எரர்’ வரும். டிஎல்எஸ் விருப்பங்களை இணைப்பின் மேல் வைத்தபின், கடைசியாகப் புதிய கான்டெக்ஸ்ட் என்ற விருப்பத்தையும் வைக்க வேண்டும். விட்டுவிட்டால் முன்னால் வைத்த எதுவும் நடைமுறைக்கு வராது. மதிப்புகள் எல்லாம் பைட்களாகவே போகும், பைட்களாகவே வரும். ரேஞ்ச் சுற்றை நாமே எழுதிக்கொள்ள வேண்டும், அது இருபது வரிக்குள் முடிகிற வேலை.

குழுவில் சேர்ப்பதில் ஒரு நுணுக்கம் எல்லாருக்கும் பொது. ஏற்கெனவே இருப்பவரை மறுபடி சேர்த்தால் 68, இல்லாதவரை நீக்கினால் 53 என்று ஆக்டிவ் டைரக்டரி பிழை தரும். இரண்டு முறை ஓடினாலும் கெடாத நிரல் வேண்டுமென்றால், 1.2.840.113556.1.4.1413 என்ற பெர்மிஸிவ் மாடிஃபை கன்ட்ரோலைக் கோரிக்கையோடு அனுப்புங்கள், இரண்டுமே வெற்றியாகிவிடும். எல்டாப்3-இன் குழு மெத்தட், முன்கூட்டியே பார்த்துவிட்டு விடுபட்டவரை மட்டும் சேர்க்கும். எதிலும் எழுத வேண்டியது குழுவின் ‘மெம்பர்’ ஆட்ரிபியூட்டில்தான். பயனரின் ‘மெம்பர் ஆஃப்’ அதன் பிம்பம், அதில் எழுத முடியாது.

நுழைவுச் சரிபார்ப்புக்கும் இதே லைப்ரரியைப் பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால் இன்னொன்று. எல்டாப்பில் பயனர் பெயர் தந்து கடவுச்சொல்லைக் காலியாக விட்டால் அது அடையாளமற்ற நுழைவாகக் கருதப்பட்டு ‘வெற்றி’ என்றே பதில் வரலாம். எல்டாப்3 இதைத் தானே தடுத்துவிடும். பைத்தான்-எல்டாப் தடுக்காது; காலிக் கடவுச்சொல்லை நிரலிலேயே முதலில் நிராகரிக்க வேண்டும்.

நம் ஊர்ப் பெயர்கள்

ஹெச்.ஆர். பட்டியலில் ‘எஸ். குமார்’ என்று நாலு பேர் இருப்பார்கள். ஆக்டிவ் டைரக்டரியில் ஒரே ‘சிஎன்’ (பதிவின் பெயர்) ஓர் ஓயூவுக்குள் (கணக்குகளை வைக்கும் உட்பிரிவு) ஒன்றுதான் இருக்கலாம்; இரண்டாமவரைத் திறக்கும்போது 68 வரும். சிஎன்-இல் பணியாளர் எண்ணையே வைத்து, காட்டும் பெயரைத் தனியாக வைத்தால் பிரச்சினை தீரும். எண்ணில் காற்புள்ளியும் வராது என்பதால் டிஎன்-இல் (பதிவின் முழு முகவரி) எஸ்கேப் செய்யும் வேலையும் மிச்சம். குடும்பப் பெயர் இல்லாதவருக்கு ஆக்டிவ் டைரக்டரியில் தடையில்லை. அதே நிரலை நாளை ஓப்பன்எல்டாப்புக்கோ ஃப்ரீஐபிஏவுக்கோ திருப்பினால் அங்கே ‘எஸ்என்’ (குடும்பப் பெயர்) கட்டாயம். இனிஷியலை அதில் போடுவதா அப்பா பெயரைப் போடுவதா என்று இப்போதே முடிவெடுத்துவிடுங்கள்.

காட்டும் பெயரைத் தமிழில் வைக்கத் தடையேதும் இல்லை. எல்டாப் பதிப்பு 3 முழுக்க யுடிஎஃப்-8. பைத்தான்-எல்டாப்பில் அதை என்கோட் செய்து தர வேண்டும். பவர்ஷெல்லில் சிஎஸ்வி படிக்கும்போது கோப்பின் என்கோடிங் ஒத்துப்போகாவிட்டால் தமிழ்ப் பெயர்கள் சிதைந்து அப்படியே டைரக்டரிக்குள் போய் உட்காரும். நுழைவுப் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில், 20 எழுத்துக்குள் வையுங்கள்; பயனருக்கு அதுதான் வரம்பு.

எதை எடுப்பது

விண்டோஸ் நிர்வாகிகள், நேரம் குறித்து ஓடும் வேலை: பவர்ஷெல். விண்டோஸ் சர்வரில் ஓடும் சிறிய சி ஷார்ப் கருவி, குழுக்களும் சிறியவை: அக்கவுண்ட் மேனேஜ்மென்ட் போதும். டாட்நெட் சேவை லினக்ஸுக்குப் போகும், அல்லது குழுக்களில் ஆட்கள் ஆயிரக்கணக்கில்: புரோட்டோகால்ஸ். பைத்தானில், பல ஆண்டு ஓட வேண்டிய லினக்ஸ் சேவை என்றால் என் தேர்வு பைத்தான்-எல்டாப். நிறுவும் கஷ்டம் ஒரு நாளோடு போகும், பிழையை மறைக்காத குணம் கடைசிவரை உதவும். விண்டோஸ் லேப்டாப்பிலும் ஓட வேண்டும், கம்பைலர் போட அனுமதி இல்லை என்றால் எல்டாப்3, மேலே சொன்ன இரண்டு மாற்றங்களோடு. பயனர்கள் என்ட்ரா ஐடியில் (மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட் டைரக்டரி) மட்டும் இருந்தால் இந்த ஐந்தும் தேவையில்லை, அதன் ஏபிஐயான மைக்ரோசாஃப்ட் கிராஃப்தான். உள்ளூரிலிருந்து அங்கே சிங்க் ஆகும் பயனர் என்றால் அவருடைய பெயர், துறை போன்றவற்றைக் கிராஃப் வழியே மாற்ற முடியாது, திரும்பவும் இங்கேதான் வர வேண்டும்.

எதை எடுத்தாலும் டொமைன் பெயருக்கு இணையாமல், ஓட்டத்தின் தொடக்கத்தில் ஒரு டொமைன் கன்ட்ரோலரைத் தேர்ந்து முடியும்வரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் திறந்த கணக்கு இன்னொன்றுக்குப் போய்ச்சேர, ஒரே சைட்டுக்குள் (ஒரு வளாகத்தின் வலைப்பின்னல்) சில நொடிகள் ஆகலாம். சைட்டுகளுக்கு இடையே இயல்பு இடைவெளி 180 நிமிடம். கணக்குத் திறந்த அடுத்த வரியிலேயே ‘அப்படி ஒருவர் இல்லை’ என்று 32 வந்தால் காரணம் இதுதான்.

நிரல் நுழையும் கணக்குக்கு டொமைன் அட்மின் உரிமை தர வேண்டாம். குறிப்பிட்ட ஓயூவில் பயனர் திறக்க, கடவுச்சொல் மாற்ற, குழுவின் ‘மெம்பர்’ எழுத மட்டும் உரிமை ஒப்படைத்தால் போதும். அப்படித் தந்தபின் சிலருக்கு மட்டும் 50 என்ற உரிமைப் பிழை வந்தால் அவர்களின் ‘அட்மின் கவுண்ட்’ 1 ஆக இருக்கிறதா என்று பாருங்கள். நிர்வாகக் குழுக்களில் இருப்பவர்களின் அனுமதிகளை ஆக்டிவ் டைரக்டரி 60 நிமிடத்துக்கு ஒருமுறை தன் வார்ப்புருவுக்கு மீட்டுவிடும். ஓயூவில் ஒப்படைத்த உரிமை அவர்கள்மேல் செல்லாது. அந்தக் கணக்குகளை நிரல் தாண்டிப்போய் ஒரு பட்டியலில் எழுதிவைக்கட்டும், நிர்வாகி கையால் பார்த்துக்கொள்ளலாம்.